நான்காவது சுற்றில் துறை சேர்ந்தேன்

படகுச் சங்கத்தில் நம் அலமாரியை இன்று மதியம் திறந்தபோது உன் கையுறைகளிலிருந்து தைல மணம் வந்தது. சுக்கான் பிடித்துப் பிடித்து மூட்டு வலிக்கிறதென்று உள்ளே தைலம் தடவித்தானே அவற்றை மாட்டிக்கொள்வாய். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. மணம் போகவில்லை. அவற்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, என் மிதவை அங்கியை எடுத்துக்கொண்டேன்.

இன்று எனக்குப் பரீட்சை. எழுபது வயது கடந்தவர் தனியாகப் பாய்ப்படகு எடுக்க வேண்டுமென்றால், தனியாகத் துறை சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது சங்கத்தின் புதிய விதி. இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து வேளிக் காயலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மகன் தொலைபேசியில், "போதும்மா, இனிமே எதுக்கு?" என்றான். பெயர் கொடுத்தாகிவிட்டது என்றேன்.

என் சிக்கல் உனக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகள் ஒரே படகில் போனோம். சுக்கான் உன் கையில், பாய்க்கயிறு என் கையில். துறை சேர்ப்பது எப்போதும் உன் வேலை.

என் கணவர் இறந்த மூன்றாம் மாதம் நீ வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாய். "ஏட்டி, இந்தச் சோபாவுல எத்தனை நாள் இருப்ப? செருப்பப் போடு. கோச்சுகிட்ட ரெண்டு பேருன்னு சொல்லியாச்சு, கேட்டியா" என்றாய். அறுபத்து நாலு வயதில் எனக்கு எதற்குப் படகு என்று கேட்டேன். "எனக்கு மட்டும் பதினாறா?" என்றாய். கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் பத்து வருடம் என் நோட்டைப் பார்த்து எழுதியவள், அன்று என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாய்.

பாடம் எளிதாகத்தான் இருந்தது. பாய் படபடக்கும்வரை கயிற்றை விடு. படபடப்பு நிற்கும்வரை இழு. அதற்கு மேல் இழுக்காதே. காற்று மாறும்போதெல்லாம் மறுபடி விட்டுப் பார், மறுபடி இழு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருமுறை சரியாக வைத்தது சரியாகவே இருக்க வேண்டும் என்பது என் சுபாவம். இரண்டாம் வாரம், இழுத்த கயிற்றைக் கையில் வைத்திருக்காமல் கொக்கியில் கட்டிவிட்டேன். அழகாகக் கட்டினேன். திடீரென்று காற்று அடித்தபோது அவிழ்க்க முடியாத அளவுக்கு அழகாக. படகு கவிழ்ந்தது. நீ ஆகாயத்தாமரைக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "முடிச்சுக்கு நூத்துக்கு நூறு. ஆளு ரெண்டும் தண்ணியில" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு மேசையில் தனியாக இருக்கும்போதுதான் வந்தது.

இனி எழுதப்போவதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டில் ஒருநாள் சுக்கானை நான் கேட்டு வாங்கினேன். துறையில் கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருபது பேர் பட்டிலும் நகையிலும் நின்றார்கள். படகுக்கு பிரேக் கிடையாது. காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பி, பாயை வெறுமையாக்கி, மிச்ச வேகத்தில் போய் நிற்க வேண்டும். "வேகம் கூடுதலு. இன்னொரு சுத்து போவோம்" என்றாய். "வேண்டாம், எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "பாக்கட்டுமே! காத்து என்ன உன் செக்ஷன் கிளார்க்கா, கூப்பிட்ட நேரத்துக்கு அடங்கி வர?" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் மோதினோம். துறையின் இரண்டு பலகைகள் உடைந்தன. படகின் மூக்கு பிளந்தது. கோச் ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ, "என் கைதான் கோச்சே, வழுக்கிப்போச்சு" என்றாய்.

நான் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டல் ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருந்தது.

அதற்குத் தண்டனையாக மூன்று மாதம், கோச்சைப் படகில் வைத்துக்கொண்டுதான் நீ சுக்கான் பிடிக்கலாம் என்று ஆயிற்று. உன் மகன் வயதுக்காரர் எதிரே உட்கார்ந்து, உனக்கு நன்றாகத் தெரிந்ததை மறுபடி சொல்லிக்கொடுத்தார். "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டாய். நான் கரையிலிருந்து பார்த்தேன். அதைப் பற்றி நீ ஒருநாளும் பேசவில்லை. அதனால் நானும் பேசாமல் தப்பித்தேன்.

இன்று நான்கு மணிக்குக் கடல் காற்று நன்றாக இருந்தது. துறையில் கோச்சும், ஒரு குடும்பமும், கல்லூரிப் பெண்கள் சிலரும் நின்றார்கள். முதல் முறை வரும்போது முப்பதடி தூரத்திலேயே வேகம் அதிகம் என்று தெரிந்துவிட்டது. எத்தனை கண்கள் என்று என் மனம் எண்ணத் தொடங்கியது. சுக்கானைத் திருப்பி விலகினேன்.

இரண்டாம் முறை பாயைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். கைக்கெட்டாத தூரத்தில் படகு நின்று, பின்னால் மிதக்கத் தொடங்கியது. "அம்மூம்மே, கயறு எறிஞ்ஞு தரட்டே?" என்று ஒரு பெண் கயிற்றைத் தூக்கிக் காட்டி மலையாளத்தில் கூவினாள். "வேண்டா மோளே" என்றேன். மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்து, கடைசியில் காற்று படகின் முகத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டது.

"மேடம், நாளைக்கு நோக்கலாம்!" என்றார் கோச்.

"இன்னைக்குத்தான்!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

நான்காம் முறை பாதி வேகத்தில் வந்தேன். கடைசி மூன்று படகு நீளத்தில் காற்றுக்கு நேரே திரும்பி, கயிற்றை முழுவதும் விட்டேன். தலைக்கு மேல் பாய் படபடத்தது. படகு தயங்கித் தயங்கிப் போய், பலகையைத் தொட்டது, இடிக்கவில்லை. தூணில் இரண்டு சுற்று, இரண்டு முடிச்சு. ஒரே இழுப்பில் அவிழும்.

கோச் பதிவேட்டை விரித்தார். "பாஸ் மேடம். மேடத்தோட பேர்ல ஒரு டேமேஜும் இல்ல. மற்ற மேடம் அல்லே அன்னைக்குக் கடவுப் பலகை உடைச்சது" என்றார்.

"அன்னைக்கு சுக்கான் என் கையில இருந்தது" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "நான் அவங்கள மூணு மாசம்…"

"ஆமாம். நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"இத இனி எழுதினா, ஒத்தைக்குப் போக ஒப்பு தர முடியாது மேடம். மேடத்துக்கும் மூணு மாசம் நான் கூட வரணும்."

"எழுதுங்க" என்றேன். பிறகு, பதிவேட்டை அவரிடமிருந்து வாங்கிப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தேன். உன் பெயரை ஒரே கோடாக அடித்து, மேலே என் பெயரை முழுதாக, இனிஷியலோடு எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு முதல் வகுப்பு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் மறுபடி சொல்லிக்கொடுப்பார். "சரி சார்" என்று சொல்லிப் பழக வேண்டும். மூன்று மாதமும் ஒரு நாள் தவறாமல் போவேன்.