ஜீப்பு டியூபில் அடித்த காற்று

1981 ஐப்பசி, புதன் இரவு.

போடிமெட்டு வளைவில் ஜீப்பு உருண்டதிலிருந்து அண்ணனுக்கு இடுப்பிலிருந்து கீழே உணர்ச்சியே இல்லை. படுக்கைப் புண் வராமலிருக்க, ஜீப்பு டியூபில் கொஞ்சமாகக் காற்றடித்து இடுப்புக்கு அடியில் வைக்கச் சொன்னார் டாக்டர். நான்தான் அடித்தேன். மலைக்கு லோடு ஏற்றும்போது அடிக்கிற கைப்பழக்கத்தில் கல் மாதிரி அடித்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்த மதினி, "இங்க வந்து பாருங்க தம்பி" என்று கூப்பிட்டார். டியூபு அழுத்திய இடத்தில் தோல் கறுத்து உரிந்திருந்தது. அவசரமாகப் பாதிக் காற்றை இறக்கினேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மெத்துனுதான் இருந்துச்சு அப்பு" என்றார்.

எறும்பு கடித்தாலும் தெரியாத இடுப்பு அது.