நந்தியாவட்டைக்கு அடியில்

இன்று காலை எழுந்ததும் முதலில் நான் செய்தது, தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் சுண்டுவிரல் நகத்திலிருந்து ஒரு நந்தியாவட்டைப் பூவை அழித்ததுதான். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்ததும் அந்தக் காட்டமான நெடி எழுந்தது. நெடியோடு, என் பழைய சிநேகிதி, நீயும் வந்துவிட்டாய்.

"இன்னாமா பண்றே, விடும்மா" என்று கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். பூ போன இடத்தில் நகம் லேசான நீலமாகத் தெரிந்தது. நீலம்தானா, சரியாக விடியாத வெளிச்சமா? என் நகத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கல்யாணமாகாத நாட்கள் அவை. உனக்கு நான் முதல் பூ வரைந்தது உன் நாத்தனார் கல்யாணத்துக்கு முந்தின நாள். எங்கள் கூடத்தில் பத்து விரலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். சாயம் போட்ட பட்டு நூலை அலசி அலசி உன் நகமெல்லாம் மயில்கழுத்து நிறம். "சாயக்காரன் பொண்டாட்டி நகம் வேற எப்பிடி இருக்கும்? உன் பி.ஏ. படிப்ப வச்சி இத மறைச்சுடு பாக்கலாம்" என்று சிரித்தாய். அண்ணன் பம்பாயிலிருந்து கொண்டுவந்த ரோஸ் பூச்சை அடியில் பூசினேன். அது காய்ந்ததும் ஈர்க்குச்சி நுனியை வெள்ளையில் தொட்டு இதழ் இதழாக வைத்தேன். நீ உதட்டைப் பிதுக்கினாய்.

"இன்னாடி இது, அஞ்சு இதழும் அளவெடுத்தா மாதிரி? கொல்லையில போய்ப் பாரு. ஒரு பக்கமா முறுக்கிக்கினு இருக்கும். ஒரு இதழாவது ஓரம் பழுத்திருக்கணும், அதான் பூவு."

பறித்துவந்து, பார்த்துப் பார்த்து வரைந்தேன். கல்யாண வீட்டில் ஒரு குழந்தை உன் விரலை முகர்ந்து பார்த்ததாம். அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை உனக்கு. பிறகு மாதம் இரண்டு முறை வந்தாய்.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. நூல் காயாது என்று உன் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் சாயத்தொட்டியையே தொடவில்லை. பழைய பூவை அழித்தபோதுதான் பார்த்தேன். சதையை ஒட்டிப் புதிதாக வளர்ந்த நகமும் நீலம். என் கை நின்றது.

"இன்னா யோசிக்கிறே? கறைதானே."

கறை என்றே நானும் எடுத்துக்கொண்டேன். இன்னொரு பூச்சு கூடுதலாகக் கொடுத்தேன். அதே வாரம் வரதர் சன்னதிப் படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாய். "பெருமாள் இன்னும் ஒரு பத்துப் படி கீழ வந்து குந்தினா இன்னாவாம்?" நாம் இருவரும் சிரித்தோம்.

தை பிறக்குமுன் போய்விட்டாய். வந்த டாக்டர் உன் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "இது ரொம்ப நாளா இருந்த இதயக் கோளாறு. நகம் நீலமாகியிருக்குமே, யாரும் பாக்கலையா?" நான் கதவோரம் நின்றிருந்தேன். பார்த்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை என் மகள் அதே படிகளில், ஏறக்குறைய நீ உட்கார்ந்த இடத்தில், மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் நகங்களில் பூ வரைந்தவள் நான். பையனின் அம்மா அவள் விரலைப் பிடித்து, "நெசப் பூ கணக்கா இருக்குதே" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். என் வீட்டுக்காரரிடம் அவளுக்கு மூச்சு வாங்கியதைச் சொன்னேன். "வெயில்ல நடந்தா யாருக்குத்தான் வாங்காது? நிச்சயம் முடியட்டும். இப்ப டாக்டர் கீக்டர்னு ஆரம்பிச்சியோ, சம்பந்தம் போயிடும்" என்றார். போய்விடும்தான். எனக்கும் தெரியும்.

இத்தனை வருடங்களில் ஓரம் பழுத்த ஒரு இதழாவது இல்லாமல் நான் பூவை முடித்ததில்லை. உன்னிடம் கற்றது அது. அந்த ஐப்பசி நாளும் என் கையிலேயே இருக்கிறது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை முதல் பஸ்ஸில் அவளை மெட்ராஸுக்கு, இதய டாக்டரிடம் அழைத்துப்போகிறேன். வளையல் வாங்க என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். இன்னும் ஒன்பது பூக்கள் இருக்கின்றன. கிளம்புமுன் அவற்றையும் அழித்துவிடுவேன்.