கயல் பேருக்கு வராத பாக்கெட்

ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை.

இன்றைக்கு அங்கன்வாடியில் மெலிந்த பிள்ளைகளுக்குச் சத்துமாவு பாக்கெட் கொடுத்தார்கள். என் பேத்தி கயலுக்கு இல்லை. போன மாசம் எடை போட்டபோது, குறைச்சல் என்று சிவப்பில் வந்தால் தெருவே சிரிக்குமே என்று வெள்ளிக் கொலுசு, காப்பெல்லாம் மாட்டி, வயிறு முட்டத் தண்ணியும் கொடுத்து எடை மெஷினில் நிறுத்தினேன்.

"எடை சரின்னு போன்ல பச்சையில ஏறிப்போச்சு அப்பத்தா. மெட்ராஸ்லருந்து சிவப்புல இருக்க பேரைப் பார்த்துத்தான் அனுப்புறாக. அன்னைக்கே நகையக் கழட்டச் சொன்னேன்ல?" என்றாள் டீச்சர்.

"எப்ப சொன்ன? அஞ்சாப்பு படிச்ச நானே எடை போடுவேன். உனக்குத்தான் தெரியல" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மற்ற தாய்மாரும் என்னோடு சேர்ந்து அவளை ஏசினார்கள். அழுதுவிட்டாள்.

கயல் பக்கத்துப் பிள்ளையின் பாக்கெட்டைத் தொடப் போனாள். அந்தக் கையிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தேன்.