இழு, நிறுத்து, விடு

3-2-2003, திங்கள்
காலையில் நல்ல குளிர். பெங்களூர் ஈஜிபுரா சமுதாயக் கூடத்தில் யோகா, பதினோராவது நாள். புடவையோடு வரக்கூடாதாம். மகள் பவி விட்டுப்போன பழைய சுடிதார்தான். கையைத் தூக்கினதும் அக்குளில் தையல் விட்டது. எட்டு வருஷமாக கார்மென்ட்ஸில் செக்கிங் டேபிள், ஊரான் சட்டையில் ஒரு நூல் பிரிந்தாலும் விடமாட்டேன். நல்ல லட்சணம்.

ரேகா மேடம்தான் டீச்சர். முப்பது வயசுகூட இருக்காது, கன்னடக்காரர், தமிழ் சுமார். மூக்கால் இழு, நாலு எண்ணு. நிறுத்து, நாலு. விடு, எட்டு. எனக்கு விடுவதுதான் வரவில்லை. ஐந்திலேயே காலி.

எதற்காக வருகிறோம் என்று நோட்டில் எழுதச் சொன்னார். யாருக்கும் காட்ட வேண்டாமாம். சரி. நவம்பரில் பவியைச் சப்பாத்திக் கட்டையால் அடித்தேன். முழங்கை வீங்கிவிட்டது. பத்தாவது படிக்கிற பெண். மறுநாளே இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீராம்புரம், அவள் அத்தை வீட்டுக்கு. கலா, என் நாத்தனார், போனில் சொன்னது: "உன் கை அடங்கிச்சின்னு தெரியட்டும் அண்ணி, அப்புறம் அனுப்பறேன்."

பவியின் அப்பா தவறிப்போய் ஒன்றரை வருஷம். எல்லாவற்றுக்கும் அதையே சாக்காகச் சொல்லக்கூடாது. அவர் இருந்தபோதும் அடித்திருக்கிறேன். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

வாங்க: துவரம்பருப்பு, ஊதுவத்தி. கேஸ் புக் செய்ய.

5, புதன்
குளிர் இல்லை. தண்ணீர் வரவில்லை.

ரே.மேடம் நேற்றுச் சொன்னது: கோபம் எங்கெங்கே வருது, சும்மா பாருங்க, போதும். எனக்குப் பார்க்கத் தெரிந்த விதம் ஒன்றுதான். சட்டையில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, திருத்தித் தைக்க ஆல்ட்டருக்குத் தள்ளுவது. அதனால் ஃபேக்டரியிலிருந்து ஒரு பட்டை ஸ்டிக்கர் கொண்டுவந்தேன். கோபம் வந்த இடத்திலெல்லாம் ஒட்டுகிறேன். இதுவரை:
ஸ்டவ் திருகி - 2
தண்ணீர் ட்ரம் - 3
கடிகாரம்
டிவி
பவியின் புத்தக அலமாரி - 4 (ஆளே இல்லை, அதன்மேல் என்ன கோபம்?)
கண்ணாடி

சட்டையை ஆல்ட்டர் செய்ய டெய்லர் இருக்கிறார். இதையெல்லாம் யாரிடம் தள்ளுவது?

6, வியாழன்
சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். நான் பதில் பேசவில்லை. பக்கத்து டேபிள் நசீமா: "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?"

எனக்கே புரியவில்லை. நிஜமாகவே அடங்கிவிட்டேனா, இல்லை களைப்பா? சாது மாதிரி இருப்பதும் சாது ஆவதும் ஒன்றா? மேடத்திடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. மூச்சு மட்டும் ஏழு வரை வந்துவிட்டது. சந்தோஷம்.

8, சனி
கலாவுக்கு போன் செய்தேன், பூத்திலிருந்து. பவியை ஞாயிறு மத்தியானம் அனுப்புகிறாளாம், சாயங்காலம் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். என் பெண்ணை எனக்கே மணிக்கணக்குப் பார்த்து அனுப்புகிறாள். அதற்கும் கோபம் வந்தது. பூத்தில் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.

கோழி, சேமியா, முந்திரி. தலைகாணி உறை துவைத்தாச்சு.

9, ஞாயிறு
வந்தாள். உயரமாகிவிட்டாள். வீடு முழுக்க அம்புகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாம்மா இது, வீடு ஃபுல்லா டிஃபெக்ட்டா?" எனக்கும் சிரிப்பு. இரண்டு தடவை சோறு வாங்கினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பாயசம் சாப்பிடும்போது சொன்னாள், "பரீட்சை முடிஞ்சாலும் அத்தை வீட்லயே இருந்துக்கறேம்மா. காலேஜுக்கு அங்கேந்து பக்கம்."

கோபம் ஏறியது எனக்கு. ஆனால் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பாடம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடினேன். மூக்கால் இழுத்தேன், நாலு. நிறுத்தினேன், நாலு. நன்றாக வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

கண்ணைத் திறந்தால், பவி சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையும் தலைக்குமேல். கிண்ணம் கவிழ்ந்து பாயசம் தரையில்.

"ஒண்ணும் செய்யலயேடி நான்!"

"அடிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தாம்மா இழுப்ப. மூக்குல. அப்புறம் கொஞ்சம் சத்தமே வராது. அப்புறம் அடி."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு மணிக்கே போய்விட்டாள். தரையை இரண்டு தடவை துடைத்தேன், இன்னும் பிசுபிசுப்பு.

10, திங்கள்
லேசான தூறல், இந்த மாசத்தில் அதிசயம். யோகாவுக்குப் போனேன்.

முப்பது பேர் ஒன்றாக மூக்கால் இழுத்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். கூடமே கப்சிப். பவி இத்தனை வருஷம் கேட்டது இதைத்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வாசலில் மேடம்: "யாக்கெ, ஏன், என்ன ஆச்சு?" சொன்னேன். கட்டை, முழங்கை, பாயசம், எல்லாம். பதில் சொல்வார் என்று நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொத்தில்ல, மல்லிகாக்கா. எனக்குத் தெரியல," என்றார். டீச்சருக்கே தெரியவில்லை என்றால் நான் என்னத்தைச் செய்வது. ஆனால் பொய் சொல்லவில்லை அவர். பிடித்திருந்தது.

கேஸ் வந்தது.

12, புதன்
இரண்டு நாளாக மூச்சு விடவே பயம். பஸ்ஸில் பெருமூச்சு வந்தால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். பைத்தியமா எனக்கு?

மாலையில் ஸ்ரீராம்புரத்துக்கு போன். பவியே எடுத்தாள்.

"அன்னிக்கு இழுத்தது அடிக்கறதுக்கு இல்ல பவி. அடிக்காம இருக்கறதுக்கு."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

சரியான கேள்வி. பூத்துக்காரர் வேறு என்னையே பார்க்கிறார்.

அவளே: "கண்ண மூடிக்கிட்டு நிக்காத. வாயத் தொறந்து சொல்லு. கோவம்னா கோவம்னு சொல்லு. சத்தமா."

"சொன்னா வருவியா?"

"பாக்கலாம்."

மன்னிப்பும் கேட்டேன். முழங்கைக்கு. அவள் போனை வைத்துவிடவில்லை. பெற்ற பெண்ணிடம் கேட்க இவ்வளவு வெட்கமா? அழுகையாக வந்தது.

13, வியாழன்
யோகா உண்டு. மேடம் என்னை மட்டும் வாயால் விடச் சொன்னார், ஸ்ஸ் என்று சத்தத்தோடு. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

16, ஞாயிறு
வெயில். பவி வந்திருக்கிறாள், இரண்டு பையில் ஒன்றோடு. மற்றது அங்கேயே இருக்கிறதாம். இங்கே எத்தனை நாள் என்று கேட்கவில்லை நான். கேட்க நாக்கு துடித்தது.

மத்தியானம் கணக்குப் புத்தகம் மடியில், கண் டிவியில். பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏறியது. கத்தியைக் கீழே வைத்தேன். மூச்சு தானாக மூக்குக்குப் போனது, பாதியில் பிடித்து நிறுத்திவிட்டு வாயைத் திறந்தேன்.

"கோவம் வருது!"

பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். டிவி நின்றது.

"எவ்ளோ?" உள்ளேயிருந்து.

இதை யாரும் என்னைக் கேட்டதே இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன்.

"முக்காவாசி."

நடந்து வரும் சத்தம். சமையலறை நிலைக்கு அந்தப் பக்கமே நின்றாள். என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை. உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

"இப்போ எவ்ளோ?" என்றாள்.