நான் கால் வைக்க மறுத்த நாரி

மச்சான்,

பக்கத்து வளவில் யாருக்கோ நாரிப் பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியவில்லையாம். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அந்த மணம் வேலியைத் தாண்டி மூக்கில் ஏறியதும் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கு உன்னை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அல்லாஹ் உன்னை மன்னிக்கட்டும். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் தலை வருமுன் காலால் பிறந்தவன் என்பது கல்முனையிலிருந்து சம்மாந்துறை வரைக்கும் தெரிந்த விஷயம். அப்படிப் பிறந்தவன் நாரியில் கால் வைத்தால் பிடிப்பு விடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. என் வாசலில் குப்புறப் படுக்காத மனிதர் இந்தக் கரையில் குறைவு. வயல்காரப் போடியார்மார் காரில் வந்து படுத்தார்கள். ஒரு நீதவான் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு வந்தார், பேரைச் சொல்லமாட்டேன்.

அந்தப் புகழ் காதில் விழுந்துதான் ஆஸ்பத்திரி டொக்டர் ஒருநாள் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஏசுவதற்குத்தான் கூப்பிட்டார் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். ஏச்சும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பகுதி ஆலோசனைதான். அவர் யாழ்ப்பாணத்து ஆள். தேநீரோடு வந்த, உள்ளே ஜேம் வைத்த பணிஸைக் கையில் எடுத்தார்.

"ஐசே, முள்ளந்தண்டில ரெண்டு எலும்புக்கு நடுவில இப்பிடி ஒரு தட்டு இருக்கு. சுத்திவர நார், உள்ளுக்க களி. குனிஞ்சு, அதோட திரும்பிப் பாரம் தூக்கினா இதுதான் நடக்கிறது" என்று பணிஸின் முன்பக்கத்தை அமத்தினார். பின்பக்கத்தால் ஜேம் பிதுங்கி வந்தது. "பின்னால நரம்பு ஓடுது. களி அதில போய் முட்டினா நாரியில இருந்து பாதம் வரைக்கும் இழுக்கும். அந்த நேரம் நீர் மேல ஏறி நிண்டா என்ன நடக்கும்?"

அனேகமானவர்களுக்கு அது சில கிழமைகளில் தானாகவே ஆறிவிடும், அந்தப் பேரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அந்தப் பகுதியை ஊரில் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னதை மனதில் எழுதிக்கொண்டேன். பாதம் தொங்கினால், குந்தும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தால், கால் வைக்காதே, அன்றைக்கே கூட்டிக்கொண்டு வா. படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் மருத்துவத்தில் பாதியை அந்த ஒரு பணிஸில் படித்து முடித்தேன்.

நீ பலசாலி. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. எழுபத்தெட்டுப் புயலில் சாய்ந்த தென்னங்குற்றிகளை நீயும் நானும்தான் தூக்கிப் போட்டோம். பாரமான நுனி என் பக்கம் இருந்தது என்பது வேறு கதை. அந்தத் திமிரில்தான் இரண்டு போகம் கழித்துச் சம்மாந்துறை மில்லில், டிரக்டர் பெட்டியிலிருந்த நெல் மூடையைக் குனிந்து இழுத்து, அப்படியே இடுப்பைத் திருப்பினாய்.

பிறகு என் வாசலுக்கு வந்தாய். இடது செருப்பு வேலிக் கடப்படியிலேயே கழன்று கிடந்தது. உனக்கு அது தெரியவேயில்லை. வந்தவன் பாயில் குப்புறப் படுத்தாய்.

"கால வெய்யன் மச்சான், கெதியா."

"எழும்பு. குதிக்காலால நட, பாப்பம்."

நடந்தாய். இடது பாதம் செத்த மீன்போலத் தொங்கியது.

"வெய்க்க மாட்டன். ஆஸ்பத்திரிக்கு வா."

"ஊரானுக்கெல்லாம் வெய்க்கிற கால், தங்கச்சிர மாப்புளக்கி வெய்க்க நோகுதோ?"

"நோகுதுதான். வா எண்டா வா."

"ஒனக்கு எரிச்சல்டா. என்னப்போல மூடை தூக்க ஏலா எண்டு எரிச்சல்."

செருப்பைக்கூட எடுக்காமல் போனாய். போனது, தானும் கால் வைப்பதாகச் சொல்லித் திரிந்த அந்த ஓடாவியிடம். கதவு நிலை செதுக்குகிறவனுக்கு நாரியில் என்ன வேலை? அவன் தலையால் பிறந்தவன் என்று அவனைப் பெற்ற உம்மாவே சொல்லியிருக்கிறா. அவன் உன் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்றான். நீ எழும்பி, "இப்ப நல்லம்" என்று என் காதில் விழும்படி சந்தியில் நின்று சொன்னாய். நல்லம்! நரம்பு செத்தால் நோவும் குறையும் என்று உனக்கு யார் சொல்லித் தருவது? நான் சொல்ல வந்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நீ எனக்கு முன் வரிசையில் நின்றாய். எல்லோரும் நெற்றி நிலம் பட சுஜூதுக்குப் போனோம். எழும்பும்போது பார்த்தேன், உன் வெள்ளைச் சாரன் பின்னால் நனைந்திருந்தது. பாயும் நனைந்திருந்தது. தொழுகை முடிந்ததும் நீ யாரையும் பார்க்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போனாய். என் தோள் துண்டை அந்தப் பாயில் போட்டு மூடினேன்.

உன் வீட்டுக்கு வந்தால் என் தங்கச்சி அழுகிறாள். "காக்கா, நாலஞ்சு நாளாப் பார்லித் தண்ணி மட்டும் குடிக்காரு. கேட்டா ஏசுறாரு." பார்லி, சிறுநீர் இறங்கக் குடிக்கிறது.

வேனைப் பிடித்து உன்னைத் தூக்கிப் போட்டேன். நீ திமிறினாய். ஆஸ்பத்திரியில் அதே டொக்டர், "எப்ப இருந்து சலம் போகேல்ல?" என்று கேட்டபோது நீ சுவரைப் பார்த்தாய்.

"வாயத் தொறந்து சொல்லுங்களன்!" என்று தங்கச்சி கத்தினாள்.

"ஓடாவிக்கிட்டப் போன நாளிலிரிந்து" என்றாய். அடைத்தது நிரம்பி, உனக்குத் தெரியாமலே வழிந்துகொண்டிருந்திருக்கிறது. டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். கொழும்புக்கு அனுப்பினார்கள், பிதுங்கியதை வெட்டியும் எடுத்தார்கள். ஆனால் அத்தனை நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு திரும்பி வரவில்லை. முதல்நாளே வந்திருந்தால் நிறையத் திரும்பியிருக்கலாம் என்று அங்கேயும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன், "ஏண்டா என்னிட்ட ஒரு சொல் சொல்லல்ல?"

"ஆம்புள அதப்போய்ச் சொல்லேலுமா மச்சான்?"

அந்தப் பதிலுக்கு உன்னை அடித்திருக்க வேண்டும். குழாயோடு படுத்துக் கிடந்தவனை அடிக்கக் கை வரவில்லை. பிறகு சிறுநீர் சேரும் பையும் ஊன்றுகோலுமாகச் சில வருஷம் இருந்தாய். கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. சண்டை தொடங்கி வழியெல்லாம் சோதனைச் சாவடி முளைத்த காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டு போனது. நீ போனபின் என் தங்கச்சி வீட்டுக்குள் அடைந்து இத்தா இருந்தபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளுக்கு நீ என்ன பதில் சொல்லுவாய்? மூடையை எத்தனை பேர் முன்னால் தூக்கினாய். இந்த ஒரு சொல்லைத் தூக்க உனக்குப் பலமில்லை.

இப்போது நான் யார் நாரியிலும் கால் வைப்பதில்லை. ஆனாலும் வருகிறார்கள், என்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக இந்த ஊருக்கு இன்னும் மனமில்லை. வருகிறவரைக் குதிக்காலால் நடக்க வைத்துவிட்டு, முற்றத்தில் எத்தனை பேர் நின்றாலும் உரத்த குரலில் கேட்கிறேன்: "ஒண்டுக்கு ஒழுங்காப் போகுதா? குந்துற இடம் மரத்திரிக்கா?" பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள். ஆண்கள் கோபிக்கிறார்கள். போன கிழமை ஒரு பள்ளிக்கூட அதிபர் துள்ளி எழும்பினார்.

"சபையில கேக்கிற கேள்வியா காக்கா இது? வெக்கமில்லையா ஒங்களுக்கு?"

"இல்ல சேர்" என்றேன். "வெக்கப்பட்ட ஆளை நாங்க கபுறுக் குழியில வெச்சிரிக்கம். கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க."