ஹேண்டில் திரும்புகிற அளவுக்கு வயர்

மார்ச் 3
பைக் ரிப்பேர் கடையைத் திறந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்: "என் வண்டில ஜிபிஎஸ் மாட்டித் தரியா? வயரிங்ல உன் கை மாதிரி வராது." இன்ஜின் வேலை அவருக்கு, வயரிங் எனக்கு. கல்யாணமாகிப் பதினான்கு வருடமாக இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்னை விட்டுப் போகிறவருக்கு வழிகாட்டியையும் நானே மாட்டித் தர வேண்டுமாம். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா இந்த மனுஷனுக்கு? "சரி" என்றேன். எனக்கு மட்டும் இருக்கிறதா என்ன.

மார்ச் 4
ஜிபிஎஸ் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 5
ஹேண்டில்பாரில் கிளாம்ப் மாட்டியாயிற்று. டேங்கைக் கழற்றி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனைத் தேடி எடுத்து, ஃபியூஸ் வைத்து வயரை இழுத்துவிட்டேன். மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "போறவனுக்கு எதுக்குடி இவ்வளவு நறுவிசு?" பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறார்.

மார்ச் 6
எழுதித் தொலைக்கிறேன். நேற்று வயரை வேண்டுமென்றேதான் கட்டையாக வெட்டினேன். நேராகப் போகும்வரை தெரியாது. ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுசாக ஒடித்தால் வயர் பிடுங்கிக்கொண்டு, திரை அணைந்துவிடும். எங்கேயாவது திக்குத் தெரியாம நிக்கட்டுமே. அப்பவாவது எனக்கு போன் பண்ணட்டுமே — அதானே? அதுக்குத்தானே வெட்டினே?

சாயங்காலம் ஒடித்துப் பார்த்தேன். பிடுங்கவில்லை. நான் ஈயம் உருக்கி வைத்த பற்று அவ்வளவு கெட்டி. வயர் டேங்க் மூலையில் மாட்டி, ஹேண்டில் பாதியிலேயே நின்றுவிட்டது. வளைவில் இப்படி நின்றால்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவி, என்ன காரியம் பண்ணப் பார்த்தே!

மார்ச் 7
மொத்தத்தையும் பிரித்துப் புது வயர் போட்டேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை ஒடித்துப் பார்த்தாயிற்று. அவர் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றார். ஏன் இரண்டாம் தடவை செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அழுதும் இருப்பேன்.

மார்ச் 8
போய்விட்டார்.

மார்ச் 19
மத்தியானம் போன். அவர்தான். கையில் இருந்த டெஸ்டர் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. "வெயில்ல திரை தெரிய மாட்டேங்குது. என்ன பண்ணணும்?" எந்தப் பட்டன், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று சொன்னேன். "ஆங், வந்துடுச்சு." வைத்துவிட்டார்.

"எங்க இருக்கானாம்?" என்றார் மாமியார்.

"கேக்கல அத்தை."

பதினோரு நாளாக அது ஒன்றைத்தான் கேட்பதற்கென்று வைத்திருந்தேன். பட்டனைச் சொல்லிக்கொடுத்ததில் மறந்தே போய்விட்டது.