ஓம் இல்லாத பெட்டி

யூலை 1, செவ்வாய்

கொப்பியே, கோபிக்காதே. என் எழுத்து கோட்டில் நிற்காது. 'க' குனிகிறது. 'ழ' வால் நீண்டு கீழ்வரியில் விழுகிறது. எழுபது கடந்த பின் பழகிய கை, இவ்வளவுதான் வரும். மனுசி இரத்தினம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு" என்கிறாள். எழுத்துப் பழக்கியவள் அவள்தான். ஆகவே குற்றம் வாத்தியாரம்மாவினுடையது.

பழகக் காரணம் பெட்டி. போன மாரியில் வரம்பில் வழுக்கி இடுப்பெலும்பு வெடித்தது. தோட்டத்துக்கு நடக்க முடியாது. கனடாவில் இருக்கும் மகன் சுதாகரன் தோட்டத்து மோட்டரில் ஒரு பெட்டி பூட்டுவித்தான். சாய்மனைக் கதிரையில் இருந்து போனை அழுத்தினால், அங்கே குழாய் வழியே வாழைக்குத் தண்ணீர்! 'மோட்டர் ஓடுகிறது' என்று எழுத்து வரும். நானே வாசிப்பேன். அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

ஒரு நிபந்தனை. போனில் சமாளிக்க முடியாவிட்டால் தோட்டம் பஞ்சலிங்கத்துக்குக் குத்தகைக்குப் போகும். அவன் இரத்தினம்மாவின் தம்பி, பக்கத்துத் தோட்டக்காரன். இப்போதே என் இதரை வாழைக் குலைகளைத் தட்டிப் பார்க்கிறானாம்.

யூலை 3, வியாழன்

போனில் புது எழுத்து. கூட்டி வாசித்து முடிய தேத்தண்ணி ஆறிவிட்டது. 'பெட்டிக்குப் புதிய மென்பொருள் வந்துள்ளது. ஏற்றவா?' கீழே இரண்டு கட்டம். ஆம். இல்லை.

ஆமா? இந்த ஊரில் யார் ஆம் சொல்கிறார்கள்? பொம்பிளை பிடிச்சுதோ என்று கேட்டபோது நான் ஓம் என்றேன். கீரிமலைக்குக் குளிக்க வாறியோ என்றாலும் ஓம். ஓ போடவேண்டிய இடத்தில் ஆ போட்டிருக்கிறார்கள். நான் அப்படி எழுதினால் இரத்தினம்மா குட்டுவாள்.

கம்பனிப் பிள்ளை பிரசாந்தி போன் எடுத்தாள்.

"ஐயா, ஆம் எண்டதை அமத்துங்கோ. பெட்டியின்ரை மூளைக்குப் புதுப் பாடம். ஆரும் வரத் தேவையில்லை, காத்திலயே வந்து ஏறும்."

"எந்தக் காத்தில பிள்ளை? இப்ப சோளகமெல்லோ அடிக்குது. கொழும்புப் பக்கத்தாலயோ வருது?"

சிரித்தாள்.

"எழுத்துப் பிழை பிள்ளை. ஓம் எண்டு திருத்தி அனுப்பு, அமத்துறன்."

"ஐயோ ஐயா, பன்ரண்டாந் திகதிக்குப் பிறகு பழைய பாடத்தில பெட்டி வேலை செய்யாது!"

யூலை 4, வெள்ளி

இன்றும் கேட்டது. இல்லை என்பதை அழுத்தினேன். 'ல்லை' வாசிக்க வாய்க்கு ருசி.

யூலை 6, ஞாயிறு

சுதாகரன் கதைத்தான். "அப்பா, ஒரு பட்டனை அமத்த ஏலாட்டில், தோட்டத்தை மாமாட்டையே குடுத்திடுவம்."

சிரிப்புப் போய்விட்டது. ஏலாமலோ? வாசிக்கத் தெரிஞ்சபடியாலெல்லோ அமத்தாமல் இருக்கிறன்!

இரத்தினம்மா சொன்னாள்: "வாசிக்கத் தெரியாமல் இருக்கேக்கை உங்களாலை ஒரு கரைச்சலும் இல்லை. நாலெழுத்துப் பழக்கினன், இப்ப கம்பனிக்குப் பாடம் எடுக்கிறார்."

நாளைக்கு ஆமை அழுத்தவோ? எழுதிவிட்டுப் பார்த்தேன் — ஆமை! கடலில் கிடக்கிறதைப் போய் யார் அழுத்துவது?

யூலை 9, புதன்

பஞ்சலிங்கத்திடமும் அதே பெட்டிதான். முந்தநாள் ஆமையை அழுத்தினானாம். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியிருக்கிறது. "எரியப்போகுதெண்டு பயந்து மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டன் அத்தான்." பாடம் பாதியில் நின்று, பெட்டி செத்துவிட்டது. பெட்டி விட்டால்தான் மோட்டருக்குக் கறண்ட். படலையில் நின்று தலையைச் சொறிந்தான்.

"உங்கடை மோட்டராலை கொஞ்சம் தண்ணி விடுவியளோ?"

"என்ரை குலையளைத் தட்டிப் பாத்தனியாம்?"

"சீ... முத்தீட்டுதோ எண்டு..."

விடத்தான் போகிறேன். சும்மா விடுவேனா?

"தண்ணி வேணுமோ?"

"ஓம்."

"என்ன சொன்னனி?"

"ஓம் எண்டனான்."

"வடிவாச் சொல்லு."

"ஓம், ஓம், ஓம்!"

போனை அழுத்தினேன்.

யூலை 10, வியாழன்

பஞ்சலிங்கத்தின் பெட்டிக்கு உயிர் கொடுக்கப் பிரசாந்தி நேரில் வந்தாள். வேலை முடிந்து திரும்பிப் போகிற வழியில் எங்கள் வீட்டில் தேத்தண்ணி.

"சீனி போடவோ பிள்ளை?"

"ஓம் ஐயா."

"வெளியில வெயிலோ?"

"ஓம் ஐயா."

"உவன்ரை பெட்டி சுகமோ?"

"ஓம், ஓம்."

"எல்லாத்துக்கும் ஓம் எண்டுறாய். ஒரே ஒரு ஆம் சொல்லு பாப்பம்."

வாயைத் திறந்தாள். வரவில்லை. முகம் சிவந்துவிட்டது. இரத்தினம்மாவே சிரித்துவிட்டாள்.

"கறண்ட் நிண்டாலும் பெட்டி சாகாமல் இருக்க ஒரு திருத்தம் அனுப்போணும் ஐயா. அதோடை உந்த 'ஓம்' திருத்தத்தையும் கேட்டுப் பாக்கிறன். கம்பனிப் பெரியவர் விடோணும்."

யூலை 12, சனி

கடைசி நாள். விடியத் தொடங்கி மத்தியானம் வரை ஆம்தான் நின்றது. தோட்டம் பெரிதோ, ஓரெழுத்துப் பெரிதோ? தோட்டம்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கொண்டு போனேன். போன் கிணுங்கியது. கண்ணைத் திறந்தேன்.

'ஏற்றவா? ஓம். இல்லை.'

கூட்டி வாசிக்கத் தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் வாசித்தேன்.

உடனே அழுத்தவில்லை. முதலில் மெயின் சுவிச்சுக்குக் காவல் போட்டேன். வேறு யார், பஞ்சலிங்கம்தான். போனில் கத்தினான்: "அத்தான், சிவப்பு மினுங்குது! நிப்பாட்டவோ?"

"கையைக் கட்டிக்கொண்டு இரடா!"

பச்சை வந்தது. 'மோட்டர் ஓடுகிறது.' அடுத்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பின்னேரம் சுதாகரன் எடுத்தான். குத்தகைக் கதை வரவில்லை. "மாரிக்கு முன்னம் புது வாழைக்குட்டியள் வைக்கிறியளோ அப்பா?" என்று மட்டும் கேட்டான். என்ன சொன்னேன் என்று எழுதவும் வேண்டுமோ?

வாற கிழமை இரத்தினம்மா 'ஔ' பழக்கப் போகிறாள். இந்த எழுத்தை அவள் எழுதிக் காட்டியதைப் பார்த்துத்தான் கீறினேன். எந்தப் பெட்டியிலும் நான் ஔவைக் கண்டதில்லை. என்றாலும் பழகிக்கொண்டு அடுத்த கிழமை உன்னிடம் வருவேன், கொப்பி. இடம் கொஞ்சம் அகலமாக விட்டு வை.